இலைக்கு அடியில் செத்துக் கிடக்கும் பூச்சியில் புதிய பூஞ்சையா? மதுரையிலிருந்து அதை உறுதிசெய்ய ஒரு வழிகாட்டி

அழகர்மலையில் நூபுரகங்கைக்கு ஏறும் பாதையோரம் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தபோது, அதன் அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் நகத்தளவு அந்துப்பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இறக்கைகள் விரிந்தபடி, செத்து விறைத்திருந்தது. வயிற்றின் ஒவ்வொரு வளையத்து இடுக்கிலிருந்தும் தையல் நூலைவிட மெல்லிய வெண்காம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. கால்கள் ஆறும் ஒரு வெள்ளைப் படலத்தால் இலையோடு தைக்கப்பட்டிருந்தன. ஆசையில் பூச்சியை மட்டும் பிய்த்தெடுத்து, பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்த ஒரு நிமிடத்தில் நான்கு தவறுகள் செய்திருந்தேன். அனுமதி இல்லை. இலையை எடுக்கவில்லை. பையில் வேர்த்து வேறு பூசணம் ஏறிவிட்டது. மிஞ்சியதையும் மரபணுப் பரிசோதனைக்கு மொத்தமாக அரைத்துக் கொடுத்துவிட்டேன். கடைசியில் புதிய இனம் என்று தெரிந்தபோது, காட்டுவதற்கு என் கையில் ஒன்றும் இல்லை. அடுத்த மழைக்காலம் வரை காத்திருந்து, அனுமதியோடு மீண்டும் மலையேறி, இரண்டாவது முறையாகத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து இப்போதுதான் கட்டுரை ஏற்கப்பட்டிருக்கிறது. முறையாகச் செய்திருந்தால் ஒன்றரை ஆண்டில் முடிந்திருக்கும்.

முதுகலை மாணவர்கள், பள்ளி உயிரியல் ஆசிரியர்கள், தோட்டத்தில் விநோதமாக எதையோ பார்த்துவிட்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

1. மலையேறுவதற்கு முன் அனுமதி

பூஞ்சைதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அது போக, அனுமதிக் கடிதம் இல்லாத மாதிரியைப் பின்னால் ஆய்வு மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் எந்த நல்ல காப்பகத்திலும் ஒப்படைக்க முடியாது. என் முதல் மாதிரியில் ஏதாவது மிஞ்சியிருந்தாலும் அது பயன்பட்டிருக்காது.

அழகர்மலை, நாகமலை போன்ற காப்புக்காடுகளுக்கு மதுரை மாவட்ட வன அலுவலரிடமும், சிறுமலைக்குத் திண்டுக்கல் வன அலுவலரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். கொடைக்கானல் வன உயிரின சரணாலயமோ ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமோ என்றால் விண்ணப்பம் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை போகும். முதல் முயற்சிக்கு அவை வேண்டாம். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் எடுப்பதானால் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிலும் பேசிவிட்டு எழுத்தில் வாங்குங்கள்.

விண்ணப்பத்தோடு நான் வைத்தவை: கல்லூரி முதல்வரின் கடிதம், ஆய்வின் நோக்கம் ஒரு பக்கத்தில், போகும் இடங்களும் மாதங்களும், எத்தனை மாதிரிகள் எடுப்போம், எப்படி எடுப்போம் என்ற விவரம், உடன் வருபவர்களின் ஆதார் நகல், முடிவில் அறிக்கை தருவதாக உறுதிமொழி. 'பூச்சிகள்' என்று பொதுவாக எழுதாதீர்கள். சில வண்ணத்துப்பூச்சிகளும் வண்டுகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. 'பூஞ்சை தாக்கி ஏற்கெனவே இறந்த பூச்சிகள் மட்டும்' என்று தெளிவாக எழுதியபோதுதான் என் கோப்பு நகர்ந்தது. கையெழுத்தாகி வர நான்கு மாதங்கள் பிடித்தன. ஐப்பசி மழைக்குப் போக வேண்டுமானால் ஜூன் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

தனியார் தோப்பில் எடுத்தால் உரிமையாளரிடம் தேதியோடு ஒரு வரி எழுதி வாங்கினால் போதும். சோழவந்தான் தென்னந்தோப்பு, நத்தம் மாந்தோப்பு, சிறுமலைக் காப்பித் தோட்டம் என இந்த வழியில் தேட இடங்களுக்குக் குறைவில்லை.

இந்தியக் குடிமகன் வணிக நோக்கமின்றி ஆராய்வதற்கு தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. ஆனால் மாதிரியையோ, அதிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த பூஞ்சையையோ வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் அந்த ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒரு குழாய்கூட நாட்டை விட்டுப் போகக் கூடாது. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் அன்போடு 'அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதினாலும் அவசரப்படாதீர்கள். படங்களை அனுப்பினால் போதும்.

2. எப்போது போவது, எதை எடுத்துப் போவது

மதுரைப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் நமக்குக் காலம். அக்டோபர் நடுவில் மழை பிடித்தால் இரண்டு வாரம் பொறுத்துப் போங்கள். பூச்சி தொற்றுக்கு ஆளாகி, இறந்து, உடலை விட்டுப் பூஞ்சை வெளியே வர அந்த இடைவெளி வேண்டும். ஓடைக்கரையில், வெயில் படாத மரத்தடியில், முழங்கால் உயரம் முதல் தோள் உயரம் வரையுள்ள இலைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எறும்பென்றால் இலை நரம்பைக் கடித்தபடியோ குச்சியைப் பற்றியபடியோ இறந்திருக்கும். வண்டுப் புழுக்கள் மண்ணுக்குள் கிடக்கும். அவற்றிலிருந்து எழும் காம்பு மட்டும் சருகுக்கு மேலே தீக்குச்சி போலத் தெரியும். காம்பை இழுக்காமல் கத்தியால் சுற்றிலும் மண்ணோடு தோண்டுங்கள். இழுத்தால் காம்பு மட்டும்தான் கையில் வரும், புழு மண்ணிலேயே தங்கிவிடும்.

பைக்குள் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறு கத்தரி, இடுக்கி, மூடியில் ஓட்டையிட்ட மாத்திரை டப்பிகள், காகித உறைகள், தொண்ணூற்றைந்து சதவீத எத்தனால் நிரப்பிய சிறு குழாய்கள், பென்சில் இருந்தால் போதும். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். அதனால் அடையாளச் சீட்டைப் பென்சிலால் எழுதிக் குழாயின் உள்ளேயே போடுங்கள்.

பூச்சியை இலையிலிருந்து பிரிக்காதீர்கள். சுற்றியுள்ள இலைத்துண்டோடு வெட்டுங்கள். பூஞ்சை பூச்சியை எப்படி ஒட்டவைத்திருக்கிறது என்பதும் இனத்தை அடையாளம் காட்டும் பண்புகளில் ஒன்று. வெட்டுவதற்கு முன் நான்கு படம் எடுங்கள்: தூரத்திலிருந்து செடியோடு, இலையோடு, பூச்சி மட்டும், அளவுகோல் வைத்து ஒன்று. அங்கேயே நின்று தேதி, இடம், ஜிபிஎஸ் புள்ளி, உயரம், எந்தச் செடி, தரையிலிருந்து எவ்வளவு உயரம், பூஞ்சையின் அப்போதைய நிறம் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வருவதற்குள் இளஞ்சிவப்பு வெளுத்துப்போகும், மஞ்சள் பழுப்பாகிவிடும்.

3. வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சை அல்ல

புதியவர்கள் அனுப்பும் படங்களில் பாதிக்கு மேல் மாவுப்பூச்சிதான். கொய்யா, பப்பாளி, செம்பருத்தியில் அப்பியிருக்கும் வெள்ளை அந்தப் பூச்சியே சுரக்கும் மெழுகு. தென்னை ஓலையின் அடியில் சுருள் சுருளாகத் தெரிவது சுருள் வெள்ளை ஈயின் மெழுகு. ஓலையின் மேல்பக்கக் கருப்போ பூஞ்சைதான், ஆனால் பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் கரும்பூசணம். அதற்கும் பூச்சியின் சாவுக்கும் தொடர்பில்லை. லென்ஸ் வைத்துப் பாருங்கள். மெழுகு தொட்டால் மாவாக உதிரும். பூஞ்சை இழை உடல் வளையங்களின் மென்மையான இணைப்புகள் வழியே, கால் மூட்டுகள் வழியே வெளியே வந்திருக்கும்.

அடுத்த குழப்பம், செத்த பிறகு குடியேறும் பூஞ்சைகள். எந்தப் பூச்சி எப்படிச் செத்தாலும் இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தால் அஸ்பெர்ஜில்லஸ், ஃபுசேரியம், மியூக்கர் எல்லாம் ஏறிக்கொள்ளும். உடல் அழுகிக் கூழாகியிருந்தால் சந்தேகப்படுங்கள். பூச்சிகொல்லிப் பூஞ்சையால் இறந்த உடல் பெரும்பாலும் அழுகாமல் சுண்ணாம்புக்கட்டி போல விறைத்திருக்கும்.

சிலந்தியின் மேல் கண்டால் அதையும் எடுங்கள். சிலந்தி பூச்சி அல்ல என்றாலும் அதன் மேல் வளரும் ஜிபெல்லுலா நம் பூஞ்சைகளின் நெருங்கிய உறவு.

ஜன்னல் கண்ணாடியில் ஈ ஒட்டிச் செத்து, அதைச் சுற்றி வெண்பொடி வளையம் தெரிந்தால் அது என்டோமாஃப்தோரா வகையைச் சேர்ந்ததாக இருக்கும். அந்த வகைப் பூஞ்சைகள் ஆய்வகத்தில் பூஞ்சை வளர்க்கும் ஊடகத்தில் எளிதில் வளராது. உடனே நுண்ணோக்கிக்குக் கண்ணாடித் தகடு செய்து பார்த்துவிட வேண்டும். தொடக்கத்தில் அதற்குள் போகாதீர்கள்.

4. எடுத்த அன்று இரவே செய்ய வேண்டியது

ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைக் கடைசி வரை மாற்றாதீர்கள். படத்தின் கோப்புப் பெயர், குழாய், வளர்ப்புத் தட்டு, மரபணு வரிசை எல்லாவற்றிலும் அதே எண் இருக்கட்டும்.

பிறகு மாதிரியை மூன்றாக மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். காம்பு ஒன்றின் நுனி வளர்ப்புக்கு. பூச்சியின் ஒரு கால் எத்தனாலில், பூச்சியை அடையாளம் காண. மீதி முழுவதும் காகித உறையில், சிலிக்கா ஜெல்லோடு காய வேண்டும். அந்த மூன்றாவது பங்கை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நீங்களும் தொடாதீர்கள். நாளைக்கு உங்கள் இனத்தின் பெயர் தொங்கப்போவது அந்த உலர்ந்த பூச்சியில்தான்.

எந்தப் பூச்சி என்று தெரியாமல் கட்டுரை நிற்காது. 'ஏதோ அந்து' என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். ஒத்தக்கடையில் உள்ள வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையில் நேரில் காட்டிக் கேளுங்கள். குடும்பம் வரை சொன்னாலே பெரிய உதவி. அதற்கு மேல் எத்தனாலில் வைத்த காலிலிருந்து சிஓஐ என்ற மரபணுப் பட்டைக்குறியை (இனத்தை அடையாளம் காட்டும் மரபணுத் துண்டு) எடுத்து ஒப்பிடலாம். பூஞ்சை உள்ளே எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தால் அதுவும் கிடைக்காது, அதனால்தான் இறக்கை, கால், உணர்கொம்பு எல்லாவற்றையும் முதல் நாளே படம் எடுக்கச் சொல்கிறேன்.

5. வளர்ப்பு

விலையுயர்ந்த கருவி இல்லாமலே இதைச் செய்யலாம். பிடிஏ எனப்படும் உருளைக்கிழங்கு ஊடகப் பொடி ஒரு லிட்டருக்கு 39 கிராம். 500 கிராம் டப்பாவில் ஏறத்தாழ பன்னிரண்டரை லிட்டர் வரும். தட்டுக்கு 20 மி.லி. என்றால் அறுநூறு தட்டுகளுக்கு மேல். ஒரு டப்பாவை நான்கு பேர் பங்கிட்டால் போதும். ஆட்டோகிளேவ் (ஆவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) இல்லாத கல்லூரியில் வீட்டுக் குக்கரே அந்த வேலையைச் செய்யும். ஆவி நன்றாக வந்து வெயிட் போட்ட பிறகு பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். ஊடகம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு பாக்டீரியாவைத் தடுக்க ஸ்ட்ரெப்டோமைசின் சேருங்கள்.

நெருப்பில் காட்டி ஆறவைத்த ஊசியால் காம்பின் நுனியை மெல்லத் தொட்டு, ஊடகத்தில் ஐந்தாறு இடங்களில் தொடுங்கள். பூச்சி முழுவதிலும் மற்ற பூசணம் ஏறியிருந்தால் மட்டும் வேறு வழி: உடல் துண்டை ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கி, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி வையுங்கள். ஓரிரு நாளில் தட்டு நிறைய வளர்ந்துவிட்டால் மகிழ வேண்டாம். அது பெரும்பாலும் வேண்டாத விருந்தாளி. நம் பூஞ்சைகள் மெதுவாக வளரும். ஒஃபியோகார்டிசெப்ஸ் வகைகளுக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். வளர்ந்ததிலிருந்து ஒற்றை வித்தை (ஸ்போர்) பிரித்தெடுத்து மீண்டும் வளர்த்து, அந்த வளர்ப்பை மட்டுமே அடுத்த எல்லா வேலைகளுக்கும் பயன்படுத்துங்கள்.

மதுரை வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பூஞ்சைகளில் பெரும்பாலானவற்றுக்கு 25 டிகிரி செல்சியஸ் பிடிக்கும். 35ஐத் தாண்டினால் பலவும் வளர்வதை நிறுத்திவிடும். சித்திரையில் மின்விசிறி அறையில் வைத்த என் தட்டுகள் எல்லாம் அப்படியே நின்றுபோயின. குளிர் வளர்ப்பறை உள்ள துறையில் முன்கூட்டியே ஓர் அலமாரித் தட்டு கேட்டு வாங்குங்கள். அல்லது வளர்ப்பு வேலையை நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். சாய்வுக் குழாய்களில் எடுத்து நான்கு டிகிரியில் இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று உங்கள் ஊரிலேயே வேறு கல்லூரியில் இருக்கட்டும். ஒரு குளிர்பெட்டி பழுதானால் எல்லாம் போய்விடும்.

இரண்டு எச்சரிக்கைகள். முகக்கவசம் இல்லாமல் வித்துப் பொடி பறக்கும் தட்டைத் திறக்காதீர்கள். பூச்சிகளோடு காணப்படும் கோனிடியோபோலஸ் போன்றவை மனிதர் மூக்கையும் முகத்தையும் தாக்கக்கூடியவை. தேனிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் வீடு என்றால் இந்த வேலையை அங்கே செய்யவே வேண்டாம். பியூவேரியா என்ற பூச்சிகொல்லிப் பூஞ்சை புகுந்தால் சுண்ணாம்புக்கட்டி நோயில் முழுத் தொகுதியும் போகும். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் அது.

6. நுண்ணோக்கியில் அளப்பது

லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயத்தில் ஒரு துளி, அதில் ஊசிமுனை அளவு வளர்ப்பு, மேலே மூடுதகடு. நீல வானத்தில் வெள்ளைக் கிளைகள் போலத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள், கிளைகள்தான் நீலமாக இருக்கும். எண்ணெய் லென்ஸுக்குப் போங்கள். பியூவேரியா என்றால் வித்துகளைத் தாங்கும் தண்டின் நுனி, கோலத்தில் இழுத்த வளைவு போல இடமும் வலமுமாக மடிந்து மடிந்து போகும். ஒவ்வொரு மடிப்பிலும் ஓர் உருண்டை வித்து. பியூவேரியா பாசியானாவின் வித்து இரண்டு மூன்று மைக்ரோமீட்டர்தான். மெட்டாரைசியம் என்ற இன்னொரு பூச்சிகொல்லிப் பூஞ்சை என்றால் நீள்வித்துகள் சங்கிலியாகி, சங்கிலிகள் ஒட்டி, பச்சைத் தூண்களாக நிற்கும்.

ஐந்தாறு வித்துகளை அளந்து சராசரி போடாதீர்கள். வித்து, வித்துத்தாங்கி, காம்பு ஒவ்வொன்றிலும் முப்பதுக்குக் குறையாமல் அளந்து, மிகச் சிறியது, மிகப் பெரியது, சராசரி மூன்றையும் எழுதுங்கள். நுண்ணோக்கிக் கேமராவின் மென்பொருள் காட்டும் அளவை அப்படியே நம்பாமல், அளவுத்தகடு வைத்து ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியே சரிபாருங்கள். பூச்சியின் மேல் எடுத்த அளவுகளையும் ஊடகத்தில் எடுத்த அளவுகளையும் கலக்காதீர்கள். இரண்டும் வேறுபடும்.

7. மரபணு வரிசை: பணமும் ஏமாற்றமும் இங்கேதான்

தனியார் ஆய்வகம் ஒன்றுக்கு என் முதல் வளர்ப்பை அனுப்பினேன். பத்து நாளில் வண்ண அறிக்கை வந்தது: '99 சதவீத ஒற்றுமை, ஆகவே பியூவேரியா பாசியானா'. நுண்ணோக்கியில் நான் பார்த்ததோ மடிந்த தண்டே இல்லாத வேறொன்று. அந்த அறிக்கையை நம்பி ஆறு மாதம் வேலையை நிறுத்திவைத்தேன். உண்மையில் அவர்கள் ஐடிஎஸ் என்ற ஒரே பகுதியை, ஒரே திசையில் வாசித்து, தரவுத்தளத்தில் முதலில் வந்த பெயரை ஒட்டியிருந்தார்கள். அனுப்பிய வளர்ப்பு தூய்மையாகவும் இல்லை. அது என் தவறு.

ஐடிஎஸ் பூஞ்சைகளுக்கெல்லாம் பொதுவான பட்டைக்குறிதான். ஆனால் நம் பூஞ்சைகளில் நெருங்கிய இனங்களைப் பிரிக்க அது போதாது. பியூவேரியாவில் பிளாக் எனப்படும் இடைப்பகுதியும், மெட்டாரைசியத்தில் டெஃப் மரபணுவும் இல்லாமல் பேச முடியாது. கார்டிசெப்ஸ் குடும்பத்துக்குப் பொதுவாக ஐடிஎஸ், எல்எஸ்யு, எஸ்எஸ்யு, டெஃப், ஆர்பிபி1, ஆர்பிபி2 ஆகிய ஆறு மரபணுப் பகுதிகளையும் கேட்கிறார்கள். கையில் பணம் குறைவென்றால் முதலில் ஐடிஎஸ், டெஃப் இரண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். அறிந்த இனத்தோடு இரண்டும் சேர்ந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், மீதிப் பணம் மிச்சம்.

ஆய்வகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: இரு திசை வாசிப்பு, மூல அலைவரைபடக் கோப்பு (கருவி மரபணு எழுத்துகளை வாசித்த வரைபடம்), பயன்படுத்திய தொடக்கிகளின் (பிரைமர்) பெயர், தோல்வியுற்றால் மறுமுறை கட்டணம் உண்டா என்பது. அலைவரைபடத்தைத் திறந்து நீங்களே பாருங்கள். மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டையாகத் தெரிந்தால் வளர்ப்பில் கலப்பு. திரும்பவும் ஒற்றை வித்திலிருந்து தொடங்குங்கள்.

ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில், ஒத்த வரிசைகளைக் காட்டும் பிளாஸ்ட் கருவியால் தேடும்போது, மூல மாதிரிகளின் (இனத்தின் பெயருக்கு ஆதாரமாக வைக்கப்பட்டவை) வரிசைகளோடு மட்டும் ஒப்பிடும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை இயக்கித் தேடுங்கள். இல்லாவிட்டால், பத்து ஆண்டுகளுக்கு முன் யாரோ தவறான பெயரில் ஏற்றிய வரிசை முதலில் வந்து நிற்கும். பழைய பெயர்களும் குழப்பும். ஐசேரியா என்று பல கட்டுரைகளில் படிப்பவை 2017க்குப் பிறகு பெரும்பாலும் கார்டிசெப்ஸில் இருக்கின்றன.

8. புதியது என்று எப்போது சொல்லலாம்?

இத்தனை சதவீதம் வேறுபட்டால் புதிய இனம் என்று எந்தக் கோடும் இல்லை. அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். அந்தப் பேரினத்தில் பெயரிடப்பட்ட எல்லா இனங்களின் மூல வரிசைகளையும் இறக்கி, மேஃப்ட் கொண்டு வரிசைப்படுத்தி, ஐக்யூ-ட்ரீ கொண்டு உறவு மரம் வரையுங்கள். இரண்டும் இலவசம். சாதாரண மடிக்கணினியில் ஓடும். மரபணு மரபணுவாகத் தனி மரம், பிறகு எல்லாம் சேர்த்து ஒரு மரம். எல்லாவற்றிலும் உங்கள் மாதிரிகள் ஒரே தனிக்கிளையாக நின்றால்தான் அடுத்த படி. ஒரு கிளை எவ்வளவு நம்பகமானது என்று காட்டும் மதிப்புதான் பூட்ஸ்ட்ராப். ஐக்யூ-ட்ரீயின் விரைவுப் பூட்ஸ்ட்ராப்பில் 95க்குக் கீழே இருப்பதை வலுவான ஆதரவு என்று எழுதாதீர்கள். பழைய பூட்ஸ்ட்ராப்பின் 70 என்ற அளவு இதற்குப் பொருந்தாது.

ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு இதழுக்குப் போகாதீர்கள். அதே மலையில் இன்னொரு பூச்சியிலாவது கண்டெடுங்கள். மரத்தில் தனித்து நிற்பது, அளவுகளிலோ நிறத்திலோ பூச்சி வகையிலோ வேறுபடுவது, இரண்டும் சேர்ந்தால்தான் இதழின் மதிப்பீட்டாளர் இசைவார்.

அது பூச்சியைக் கொன்றது என்று எழுத விரும்பினால் நிரூபிக்க வேண்டும். பழைய தேன்கூட்டில் வரும் மெழுகு அந்தின் புழுக்களைத் தேனீ வளர்ப்பவர்கள் சும்மாவே தருவார்கள். மி.லி.க்கு ஒரு கோடி வித்துகள் கொண்ட கரைசலில் புழுக்களை முக்கி, இன்னொரு கூட்டத்தை வித்தில்லாத வெறும் கரைசலில் முக்கி, செத்த புழுவிலிருந்து அதே பூஞ்சையை மீண்டும் பிரித்தெடுங்கள். செய்ய முடியாவிட்டால் 'பூச்சியின் மேல் காணப்பட்டது' என்று மட்டும் எழுதுங்கள். புதிய இனத்துக்கு அதுவே போதும்.

9. மாதிரியை ஒப்படைப்பது

பல்லுயிர்ச் சட்டம் 2002இன் 39ஆம் பிரிவு, புதிய உயிரினம் கண்டவர் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. பூஞ்சைகளுக்கு நான் தேர்ந்தது புனேயில் உள்ள அகார்கர் ஆராய்ச்சி நிலையம். உலர் மாதிரிக்கு அங்கே அஜ்ரேகர் பூஞ்சை ஹெர்பேரியமும் (உலர் மாதிரிக் காப்பகம்), உயிருள்ள வளர்ப்புக்கு தேசியப் பூஞ்சை வளர்ப்புக் காப்பகமும் இருக்கின்றன.

மூல மாதிரி, அதாவது ஹோலோடைப், உயிருள்ள வளர்ப்பாக இருக்கக் கூடாது. உலர்த்திய பூச்சியோ, உலர்த்தியோ ஆழ்உறைய வைத்தோ இயக்கம் நிறுத்திய வளர்ப்போதான் இருக்கலாம். இதைத் தெரியாமல் உயிருள்ள குழாயை ஹோலோடைப் என்று எழுதினால் பெயரே செல்லாது.

படிவம், கட்டணம், எத்தனை குழாய்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். அனுமதிக் கடித நகலை உடன் வையுங்கள். மதுரையிலிருந்து விரைவு அஞ்சலைத் திங்கட்கிழமை காலையில் போடுங்கள். வியாழன் வெள்ளியில் போட்டால் வார இறுதி முழுவதும் ஏதோ ஒரு கிடங்கின் வெயிலில் கிடக்கும். காப்பகம் மாதிரிக்குத் தரும் சேர்க்கை எண் கைக்கு வர எனக்கு இரண்டு மாதமானது. அந்த எண் இல்லாமல் கட்டுரையை அனுப்பாதீர்கள்.

10. பெயர்

இலத்தீன் இலக்கணப் பாலைக் கவனியுங்கள். பியூவேரியா, கார்டிசெப்ஸ் பெண்பால். மெட்டாரைசியம் அஃறிணைப் பால். அழகர்மலைப் பெயரை முதல் இரண்டுக்கு வைத்தால் 'அழகரென்சிஸ்' என்றும், மெட்டாரைசியத்துக்கு வைத்தால் 'அழகரென்ஸே' என்றும் முடிய வேண்டும். ஆசிரியரைப் போற்றி வைப்பதானால் ஆணுக்கு ஒரு விகுதி, பெண்ணுக்கு ஒரு விகுதி. நம் ஊர்ப் பெயர் பூஞ்சை உலகில் ஏற்கெனவே இருக்கிறது: மதுராப் பாத நோயை உண்டாக்கும் மதுரெல்லா என்ற பேரினம். ஊர்ப் பெயர் நோயோடு மட்டும் நின்றுவிடாமல், இந்த மலைகளின் பெயரும் ஏறட்டும் என்று எனக்கு ஆசை.

பெயர் அச்சேறும் முன் சுவரொட்டியிலும் செய்தித்தாளிலும் சொல்லிவிடாதீர்கள். நானும் என் பூஞ்சையின் பெயரை இங்கே அதனால்தான் எழுதவில்லை.

11. இதழும் பதிவு எண்ணும்

பெயர் செல்லுபடியாக வேண்டிய நிபந்தனைகள் கறாரானவை. விளக்கம் இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும், தமிழில் எழுதினால் செல்லாது. ஹோலோடைப் எது, எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று கட்டுரையில் சொல்லப்பட வேண்டும். 2013 ஜனவரி 1 முதல், மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம், ஃபங்கல் நேம்ஸ் ஆகிய மூன்று பூஞ்சைப் பெயர்ப் பதிவகங்களில் ஒன்றின் பதிவு எண் கட்டுரையில் அச்சாகியிருக்க வேண்டும். மைக்கோபேங்க் எண் இலவசம். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு வாங்குங்கள். மதிப்பீட்டில் பெயர் மாறினால் முன்பே வாங்கிய எண் தொல்லை. ஜென்பேங்க் எண்களை மட்டும் அனுப்பும் முன்னரே வாங்கிவிடுங்கள். அதற்கும் கட்டணமில்லை.

ஃபைட்டோடாக்ஸா இதழில், கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுக்கம் கேட்காவிட்டால் பணம் கட்ட வேண்டியதில்லை. மைக்கோகீஸ் போன்றவற்றில் கட்டணம் உண்டு. 'ஒரு வாரத்தில் அச்சேற்றுகிறோம், இவ்வளவு ரூபாய்' என்று தாமே மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களில் மூன்று ஆண்டு உழைப்பைக் கொட்டாதீர்கள்.

12. செலவும் காலமும்

என் கணக்குப் புத்தகத்திலிருந்து: ஊடகம், தட்டு, வேதிப்பொருள்கள் ஒன்பதாயிரம். மரபணு வரிசைக்கு, ஒரு மரபணு ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு வீதம், ஆறு மரபணு, மூன்று மாதிரி, இருபத்தேழாயிரம். பயணமும் அஞ்சலும் ஆறாயிரம். மொத்தம் நாற்பத்திரண்டாயிரம். வீணான முதல் முயற்சி இதில் சேராது. வரிசைக் கட்டணம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள்.

காலம்: ஜூனில் விண்ணப்பம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சேகரிப்பு. பிப்ரவரிக்குள் தூய வளர்ப்பும் அளவுகளும். மே மாதத்துக்குள் மரபணு வரிசையும் மரமும். ஆகஸ்டில் சேர்க்கை எண். அதன் பிறகு இதழில் மூன்று முதல் ஆறு மாதம்.

கட்டுரை வெளிவந்ததும் மைக்கோபேங்கில் நுழைந்து பக்க எண்களைச் சேர்த்துப் பதிவை வெளியிடுங்கள். அதுவரை பெயர் மறைவாகவே இருக்கும். காப்பகத்துக்கு ஒரு பிரதி, தேசிய பல்லுயிர் ஆணையத்துக்கு ஒரு தகவல் கடிதம், அனுமதி தந்த வன அலுவலருக்கு அறிக்கையும் பிரதியும். மழையில் கூடவே ஏறி வந்த வேட்டைத்தடுப்புக் காவலருக்கு ஒரு படம் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். என் இரண்டாவது அந்துப்பூச்சியை முதலில் கண்டவர் அவர்தான்.